ராத்திரி இரண்டு மணி அறிக்கை: இரட்சிப்பை இழந்துவிட்டேனா?

வாசகர் கடிதம் (சுருக்கம், அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன)

எழுதியிருப்பவர் 36 வயது ஆசிரியை. தென் மாவட்டத்துக்காரர். பிறந்தது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். குழந்தை ஞானஸ்நானம், திடப்படுத்தல், பாடகர் குழு எல்லாம் முறையாக நடந்தன. கல்யாணம் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் என்பதால் அதற்கு முன்பு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். சில வருடம் கழித்து, 'அன்றைக்கு முழுமனதோடு எடுத்தேனா' என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவையும் எடுத்தார்.

போன வருடம் அவருடைய தம்பி 29 வயதில் பைக் விபத்தில் இறந்துவிட்டார். வாலிபர் கூட்டத்தில் கண்ணீரோடு சாட்சி சொன்ன பையன். வேலைக்காக வெளியூர் போனபின் குடிப்பழக்கம் வந்து, சபைக்குப் போவதும் நின்றுபோயிருந்தது. அடக்கத்தன்று கணவரின் சபைப் பாஸ்டர், வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே, "இரட்சிப்பை இழந்து போனவனுக்கு நாம் அழுது பிரயோஜனமில்லை" என்றிருக்கிறார். சகோதரர் சபையில் இருக்கும் சித்தப்பாவோ, "ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் என்றைக்கும் இரட்சிக்கப்பட்டவன்தான், கவலைப்படாதே" என்று தேற்றினார். மூன்று வாரம் கழித்து அதே சித்தப்பா, "ஒருவேளை அவன் முதலிலேயே இரட்சிக்கப்படவில்லையோ என்னவோ" என்று இழுத்தாராம்.

அதன்பிறகு இவர் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அன்றைய பாவங்களை நோட்டில் எழுதி ஒவ்வொன்றாக அறிக்கை செய்கிறார். ஒன்று விட்டுப்போனதாகத் தோன்றினால் மறுபடி முதலிலிருந்து. ஜெபத்தின் நடுவே பரிசுத்த ஆவியானவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை மனதில் ஓடியதால், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டோமோ என்று நடுங்குகிறார். ஆறு மாதமாக நாலு மணி நேரத் தூக்கம்தான். பாஸ்டர் 21 நாள் உபவாசம் இருக்கவும், சபை முன் நின்று பாவ அறிக்கை செய்யவும் சொல்லியிருக்கிறார். நகை கூடாது என்ற சபை ஒழுங்குக்காக, அம்மா போட்ட செயினையும் கழற்றியாகிவிட்டது. ஒன்பது வயது மகள் ஒருநாள் கேட்டாளாம்: "அம்மா, நேத்து நான் பொய் சொன்னேன். ராத்திரி இயேசப்பா வந்தா உங்களை மட்டும் கூட்டிட்டுப் போயிடுவாரா?" அன்றிலிருந்து அவள் நடு ராத்திரியில் வந்து அம்மா கட்டிலில் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இரட்சிப்பை இழக்க முடியுமா? தம்பி எங்கே இருக்கிறான்? மகளுக்கு என்ன பதில் சொல்வது? இந்த மூன்றும்தான் அவருடைய கேள்விகள்.

---

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் பதினோரு பக்கம். அதில் எபிரெயர் ஆறாம் அதிகாரம் ஒன்பது இடத்தில் வருகிறது. எல்லா இடத்திலும் நான்கு முதல் ஆறு வரையுள்ள வசனங்களே: ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டு மறுதலித்துப் போனவர்களைப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்ற பகுதி. மூன்றே வசனம் தள்ளி, ஒன்பதாம் வசனத்தில், எழுதியவரே தம் வாசகர்களைப் பார்த்து, "பிரியமானவர்களே, நாங்கள் இப்படிச் சொன்னாலும், நன்மையானவைகளும் இரட்சிப்புக்குரியவைகளுமான காரியங்கள் உங்களிடத்தில் உண்டாயிருக்கிறதென்று நம்பியிருக்கிறோம்" என்கிறார். பதினோரு பக்கத்தில் அந்த வசனம் ஒரு தடவைகூட வரவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பயந்த கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் சி.எஸ்.ஐ.யில் வளர்ந்து, இறையியல் படித்து, பிறகு மனநல ஆலோசனைக்கு வந்தவள். உங்கள் கடிதத்தில் இந்த இரண்டு துறைக்கும் வேலை இருக்கிறது. முதலில் வேதக் கேள்வி. அதைத் தாண்டிப் போனால் உங்களுக்கு நியாயம் செய்ததாகாது.

இரண்டு பக்கமும் வசனம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். சித்தப்பா யோவான் 10ஆம் அதிகாரத்தைக் காட்டியிருப்பார்: "அவைகள் ஒருக்காலும் கெட்டுப்போவதில்லை, ஒருவனும் அவைகளை என் கையிலிருந்து பறித்துக்கொள்வதுமில்லை." ரோமர் 8இன் கடைசி வசனங்களையும் காட்டியிருப்பார். பாஸ்டர் "முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே இரட்சிக்கப்படுவான்" என்பதையும், யோவான் 15இல் கனி கொடாத கொடி அறுத்துப்போடப்படுவதையும் காட்டியிருப்பார். பிலிப்பியர் நிருபத்திலோ இரண்டும் அடுத்தடுத்த வசனங்களில் இருக்கின்றன. "பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்று சொன்ன பவுல், மூச்சு விடாமல், விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். இந்த இரண்டு வசனங்களையும் பிரித்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டுதான் சபைகள் நானூறு வருடமாக வழக்காடுகின்றன.

அந்த வழக்கின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். உங்களிடம் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1609இல் நெதர்லாந்தில் அர்மினியஸ் என்ற இறையியலாளர் இறந்தார். அடுத்த வருடம் அவருடைய ஆதரவாளர்கள் ஐந்து கூற்றுகள் கொண்ட ஒரு மனுவைக் கொடுத்தார்கள். உண்மையான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்ற ஐந்தாவது கூற்றில், இதை வேதத்தில் இன்னும் ஆராய வேண்டும் என்று அவர்களே விட்டுவைத்தார்கள். பிறகுதான் 'முடியும்' என்ற பக்கம் போனார்கள். அதற்குப் பதிலாக 1618-19இல் டோர்ட் நகரில் கூடிய சங்கம், தேவன் தம்முடையவர்களை முடிவுவரை காப்பார் என்று தீர்மானித்தது. அதே சங்கம், விசுவாசிகள் தாவீதைப் போலவும் பேதுருவைப் போலவும் பெரிய பாவத்தில் விழலாம், தேவனுடைய தயவை உணரும் உணர்வையே கொஞ்ச காலம் இழக்கலாம் என்றும் எழுதி வைத்தது. 'ஒருதரம் கை தூக்கினால் போதும், அப்புறம் எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை' என்று அந்தச் சங்கம் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் எதிர்ப்பது அந்த மலிவான சுருக்கத்தை. அதை எதிர்ப்பதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மறுபக்கம் மெதடிஸ்டுகளின் முன்னோடி ஜான் வெஸ்லி. விசுவாசி விழுந்துபோக முடியும் என்று அழுத்திச் சொன்னவர். ஆனால் விழுந்தவர்களுக்கென்றே ஒரு பிரசங்கம் எழுதினார். அப்படிப்பட்டவர்கள் மறுபடி இரக்கம் பெற்றதுண்டா என்று அதில் தாமே கேட்டு, ஒருவரல்ல, நூறு பேரல்ல, ஆயிரக்கணக்கானோர் என்று தாமே பதில் சொல்கிறார். லூத்தரன்களின் 1530ஆம் வருட ஆக்ஸ்பர்க் அறிக்கையும் இப்படித்தான். நீதிமானாக்கப்பட்டவர் ஆவியை இழக்க முடியாது என்போரைக் கண்டிக்கிறது. அடுத்ததாக, விழுந்து மனந்திரும்புகிறவர்களுக்கு மன்னிப்பு கிடையாது என்றவர்களையும் கண்டிக்கிறது.

உங்கள் தாய்ச்சபை? சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27இல் உருவானபோது ஆங்கிலிக்கன்கள், மெதடிஸ்டுகள், பிரெஸ்பிட்டேரியன்-காங்கிரிகேஷனல் வழியில் வந்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அதாவது வெஸ்லியின் பிள்ளைகளும், டோர்ட் சங்கத்தாருக்கு முன்னோடியான கால்வினின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்தக் கேள்விக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் ஒரே அப்பத்தைப் பிட்போம் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் பதினாறாவது, நாம் கிருபையை விட்டு விலகிப் பாவத்தில் விழக்கூடும், தேவனுடைய கிருபையால் மறுபடி எழும்பவும் கூடும் என்கிறது. 'விழக்கூடும்', 'எழக்கூடும்' இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

இவர்களில் யாரும் சொல்லாத ஒன்று

இவ்வளவு கதையும் ஒரு காரணத்துக்காகத்தான் சொன்னேன். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் நம்புகிற போதனை இதில் எங்குமே இல்லை. 'பகலில் ஒரு பொய் சொன்னேன், அதை அறிக்கை செய்யாமல் தூங்கினேன், அதனால் இரட்சிப்பு போயிற்று.' டோர்ட் சங்கம் இதைச் சொல்லவில்லை, வெஸ்லி சொல்லவில்லை, லூத்தர் சொல்லவில்லை. கத்தோலிக்கர்கள்கூட சாவான பாவம், அற்பப் பாவம் என்று பிரித்துத்தான் பேசுவார்கள். சட்டைப்பை ஓட்டையில் எட்டணா விழுவதைப் போல, தெரியாமலே வழியில் எங்கேயோ விழுந்துவிடுகிற பொருளாக இரட்சிப்பை இவர்கள் யாரும் நினைத்ததில்லை.

நான் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். விழ முடியும் என்ற பக்கம்தான், பதினாறாவது விதி பக்கம். எச்சரிப்பு வசனங்களை வெறும் பூச்சாண்டி என்று என்னால் படிக்க முடியவில்லை. ஆனால் எபிரெயர் நிருபம் எச்சரிப்பது யாரை? உபத்திரவத்துக்குப் பயந்தோ சலித்துப்போயோ, கிறிஸ்துவே வேண்டாம் என்று தெரிந்தே முதுகைத் திருப்பிப் போக யோசித்தவர்களை. பொய்யை நோட்டில் எழுத மறந்தவர்களை அல்ல. வீட்டு வேலைக்கு வருகிறவரும் வாசல் கூட்டுகிறார், வீட்டு மகளும் கூட்டுகிறாள். கூட்டாவிட்டால் அவருக்கு வேலை போகலாம், இவளுக்குத் திட்டு விழும், அவ்வளவுதான். மகளும் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, இனி நீங்கள் என் அப்பா இல்லை என்று சொல்லிவிட்டுப் போகக்கூடும், அது உண்மைதான். அப்படிப் போகிறவள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அப்பா என்னை வைத்துக்கொள்வாரா என்று அழுதுகொண்டிருக்க மாட்டாள்.

இன்னொரு வசனம். 'கிருபையினின்று விழுந்தீர்கள்' என்ற வார்த்தையை உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கலாத்தியர் 5:4ஐ எடுத்துப் படியுங்கள். பவுல் அதைக் குடிகாரர்களிடம் சொல்லவில்லை. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு நீதிமானாகப் பார்க்கிறவர்களிடம், விருத்தசேதனம் போன்ற ஒரு வெளிச்சடங்கைச் சேர்த்தால்தான் இரட்சிப்பு முழுமையாகும் என்று நம்பினவர்களிடம் சொன்னது அது. செயினைக் கழற்றினால்தான் இயேசுவின் வருகையில் அவரோடு போக முடியும் என்பதற்கு எது நெருக்கம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எளிமைக்காக நகை அணியாமல் இருப்பது நல்ல பழக்கம், அந்தச் சபையாரின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு சபையின் வீட்டு ஒழுங்கு வேறு, கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிதல் வேறு. செயினைப் போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் அம்மாவின் முகத்தை நினைத்தும் முடிவு செய்யலாம், அது பாவமாகாது.

சித்தப்பாவின் போதனை ஏன் உதவவில்லை

அது உதவியிருக்க வேண்டியது. மூன்று வாரம் உதவவும் செய்தது. அப்புறம் 'ஒருவேளை முதலிலேயே இல்லையோ' என்று ஒரு ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை சித்தப்பாவின் கவனக்குறைவு அல்ல, அந்தப் போதனைக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான விசுவாசி விழமாட்டார் என்றால், விழுந்தவர் உண்மையான விசுவாசி இல்லை என்று ஆகிவிடும். பிரிந்துபோனவர்கள் நம்முடையவர்களாக இருக்கவில்லை என்கிற 1 யோவான் 2:19ஐ அப்படித்தான் படிக்கிறார்கள். அமைதியான மனதுக்கு இந்தப் போதனை பெரிய ஆறுதல். உங்களைப் போன்ற மனதுக்கோ, 'இழந்துவிட்டேனா' என்ற பழைய கேள்வி போய், 'எனக்கு எப்போதாவது இருந்ததா' என்ற புதுக் கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் இரண்டாவது முறை தண்ணீரில் இறங்கினது அந்தக் கேள்வியால்தானே?

ஆக, பாஸ்டரும் சித்தப்பாவும் எதிரெதிர் பதில் சொன்னார்கள், இரண்டு பதிலாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஒரு மூன்றாவது பதில் சொன்னால் இரண்டு நாள் நிம்மதியாக இருக்கும், மூன்றாம் நாள் அதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பீர்கள். பதில்கள் தவறு என்பதால் இப்படி நடக்கவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிற இடத்தில் ஒரு நோய் இருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

செருப்புக்குள் கல்

ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்க்ரூப்புலாசிட்டி' என்று பெயர். சிறு கூர்க்கல் என்று பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. செருப்புக்குள் மாட்டின கல் மாதிரி ஒவ்வொரு அடிக்கும் குத்தும். ஓ.சி.டி. என்ற மனநலக் கோளாறு பக்தியின் உடையில் வருவதுதான் இது. ஓ.சி.டி. உள்ள ஒருவர் கையில் அழுக்கு இருக்கிறதோ என்று நாற்பது தடவை கழுவுவதில்லையா? அதுபோல மனதில் அழுக்கு இருக்கிறதோ என்று அறிக்கை செய்துகொண்டே இருப்பது. கடிதத்தை வைத்து நோய் இன்னதென்று முடிவு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் நோட்டு, விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்குவது, நினைக்கக்கூடாத வார்த்தை அழையாமல் மனதில் வருவது, கேட்ட ஆறுதல் இரண்டு நாளில் கரைவது, இந்த நான்கும் சேர்ந்து வந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

நீங்கள் இதில் முதல் ஆள் இல்லை. லூத்தர் மடத்தில் இருந்த நாளில், மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்துவிட்டு, எதையோ விட்டுவிட்டோம் என்று திரும்பி ஓடுவாராம். ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் பனியனுக்கு, "கிறிஸ்துவை விற்றுவிடு, விற்றுவிடு" என்று மனதுக்குள் ஓயாமல் ஒரு குரல் கேட்டது. ஒருநாள் களைத்துப்போய், 'போனால் போகட்டும்' என்று மனதில் ஓடிவிட்டது. அவ்வளவுதான், பிறப்புரிமையை விற்ற ஏசாவைப் போல எல்லாவற்றையும் இழந்தேன் என்று நெடுங்காலம் துடித்தார். 1666இல் வெளிவந்த தன் வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். நம் ஊர் கிருஷ்ணபிள்ளை தமிழில் காவியமாகப் பாடிய மோட்ச யாத்திரைக் கதை அதே பனியனுடையதுதான். ஒருநாள் வயல்வெளியில் நடந்து போகும்போது, 'உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது' என்ற வாக்கியம் அவர் மனதில் பட்டது. தன் மனம் நல்ல நிலையில் இருந்தால் அந்த நீதி கூடிவிடாது, கெட்ட நிலையில் இருந்தால் குறைந்துவிடாது என்று புரிந்தது. ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கும் வருடக்கணக்கானது.

மன்னிக்கப்படாத பாவம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாற்கு 3ஆம் அதிகாரத்தில் இயேசு அதை யாரிடம் சொன்னார்? அவர் பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்தும், பெயெல்செபூலைக் கொண்டு செய்கிறார் என்று தீர்த்துச் சொன்ன வேதபாரகரிடம். 'அசுத்தஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னபடியினாலே' என்று சுவிசேஷமே காரணம் சொல்கிறது. நினைத்து, முடிவுகட்டி, வெளியே சொல்லி, அதிலேயே நின்ற மனம் அது. உங்களுடையதோ, வரவே கூடாது என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றதால் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த ஒரு வார்த்தை. எதை நினைக்கக்கூடாது என்று அதிகம் பாடுபடுகிறோமோ அது அதிகம் வரும். மனம் அப்படித்தான் வேலை செய்கிறது, இதில் ஆவிக்குரிய மர்மம் ஒன்றுமில்லை.

இனி என்ன செய்யலாம்

முதலில் மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இந்தக் கோளாறுக்கு மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு. பயம் வந்தாலும் அந்தச் சடங்கைச் செய்யாமல் உட்கார்ந்திருக்கப் பழக்குவார்கள். முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். வாழ்ந்து பயனில்லை என்பது போன்ற எண்ணம் எப்போதாவது எட்டிப் பார்த்தால், தேதி வாங்கக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே வீட்டில் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

நோட்டை மூடி வையுங்கள். இரவு படுக்கும் முன் ஒரே ஒரு ஜெபம், ஐந்து நிமிடம். 1 யோவான் 1:9 பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையும் நீதியுமுள்ளவர் என்கிறது. கணக்கு சரியாக இருந்தால் என்று அதில் எந்த நிபந்தனையும் இல்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். 'விட்டுப்போனது' ஞாபகம் வந்தால், வந்துவிட்டுப் போகட்டும். அது கீழ்ப்படியாமை அல்ல, இப்போதைக்கு அதுவே உங்கள் சிகிச்சை.

21 நாள் உபவாசம் இப்போது வேண்டவே வேண்டாம். தூக்கமில்லாத உடம்பைப் பட்டினியும் போட்டால் பயம் கூடும், குறையாது. சபை முன் அறிக்கை செய்யச் சொல்லி உங்களைக் கட்டாயப்படுத்த யாருக்கும் அதிகாரமில்லை. மத்தேயு 18 தனிமையில் பேசுவதிலிருந்துதான் தொடங்குகிறது, அதுவும் தவறு செய்தவரிடம். சண்டை போடாமல் இப்படிச் சொல்லுங்கள்: "பாஸ்டர், எனக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட காட்டிட்டிருக்கேன். உபவாசமும் முடியாது, சபை முன்னால நிக்கவும் முடியாது. எனக்காக ஜெபிச்சுக்கோங்க." இதற்குமேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் வாதமாகிவிடும், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அவிசுவாச ஆவி என்று அவர் சொன்னால், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற விசுவாசிகள் அதே சபையில் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கட்டும்.

இந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டுங்கள். அவர் கெட்டவர் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரும் பயப்படுகிறார், வேறு விதத்தில். அவரிடம் ஒரு உதவி கேளுங்கள். 'எனக்கு இரட்சிப்பு இருக்கிறதா' என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவர் ஆறுதல் சொல்ல வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். "இதுக்கு நேத்தே பேசிட்டோம்மா, வா, படுத்துக்கலாம்" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது முழுக்கு பற்றியும் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்ததே சரி. "ஒரே ஞானஸ்நானம்" என்று எபேசியரில் இருக்கிறது. சோதனை வரும்போது 'நான் ஞானஸ்நானம் பெற்றவன்' என்று சொல்லிக்கொள்வது லூத்தரின் பழக்கம். அவருக்கும் குழந்தையில் கொடுத்ததுதான்.

உங்கள் தம்பி

அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. அடக்கத்தன்று முற்றத்தில் நின்று பேசினவருக்கும் தெரியாது. வித்தியாசம், அவர் தெரியும் என்பது போலப் பேசினார். ரோமர் 14:4 சொல்கிறது: "மற்றொருவனுடைய வேலைக்காரனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறதற்கு நீ யார்? அவன் நின்றாலும் விழுந்தாலும் அவனுடைய எஜமானே அவனுக்கு உத்தரவாதி." அதோடு அந்த வசனம் முடியவில்லை. "அவன் நிலைநிறுத்தப்படுவான், தேவன் அவனை நிலைநிறுத்த வல்லவராயிருக்கிறாரே."

குடிப்பழக்கம் பாவம்தான், அதோடு ஒரு நோயும்கூட. அதில் மாட்டிக்கொண்டவன் தினமும் விடுபட ஆசைப்பட்டானா, ராத்திரியில் அழுதானா என்பது நமக்குத் தெரியாது. லூக்கா 15இல் இளைய குமாரன் பன்றித் தொழுவத்தில் இருந்தபோதும் அவன் குமாரன்தான் என்று சித்தப்பா பக்கத்தார் சொல்வார்கள். தகப்பனே "என் குமாரனாகிய இவன் மரித்தான்" என்று சொன்னாரே என்று பாஸ்டர் பக்கத்தார் சொல்வார்கள். இரண்டும் அந்தக் கதையில் இருக்கின்றன. ஆனால் தூரத்தில் வரும்போதே கண்டு ஓடிப்போனவர் தகப்பன். தம்பிக்கும் அவருக்கும் நடுவில் அந்தச் சாலையில் கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்த அளவுக்கு நீங்கள் நம்பலாம். அதற்குமேல் நிச்சயம் கேட்டால், நான் பொய்தான் சொல்ல வேண்டிவரும்.

அடுத்த மாதம் அம்மா ஊர்க் கோயிலில் வைக்கும் நினைவு ஆராதனைக்கு போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். போங்கள். அம்மாவுக்குப் பிள்ளை போய்விட்டான், பக்கத்தில் உட்கார மகளாவது வேண்டும். ஒரு வருடமாக அவனுடைய ஆத்துமாவைப் பற்றியே பயந்துகொண்டிருந்ததில், அவனுக்காக நீங்கள் இன்னும் அழவே இல்லையோ என்று கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

மகளிடம்

நாம் எல்லாருமே சின்ன வயதில் பள்ளி விட்டு வந்து, வீட்டில் யாருமில்லாமல், 'இரகசிய வருகை வந்துவிட்டது, என்னை விட்டுவிட்டார்கள்' என்று பதறினவர்கள்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இயேசு திடீரென வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்கிற இந்த இரகசிய வருகைப் போதனையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் நெல்சன் டார்பி. சித்தப்பாவின் சகோதரர் சபைகளுக்கு முன்னோடி. இரட்சிப்பை இழக்க முடியாது என்று நம்பினவர் அவர்! டார்பியின் கணக்கில் உங்கள் மகள் கைவிடப்பட வழியே இல்லை. வருகையை அவரிடமிருந்தும், 'ஒரு பாவத்தில் போய்விடும்' என்பதை வேறெங்கிருந்தோ எடுத்துச் சேர்த்ததில்தான், குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுக்கும் இந்தக் கலவை உண்டானது.

திருடனைப் போல வருவார் என்று சொல்கிற அதே 1 தெசலோனிக்கேயர் 5ஆம் அதிகாரத்தில், "நாம் விழித்திருப்பவர்களானாலும், நித்திரையடைந்தவர்களானாலும்" அவரோடு பிழைத்திருக்கும்படி அவர் மரித்தார் என்று இருக்கிறது. இதை அவளுக்குச் சொல்லுங்கள். அவளுக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்லலாம்: "நீ பொய் சொன்னா அம்மா திட்டுவேன். ஆனா ராத்திரியோட ராத்திரியா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போவேனா? இயேசப்பா என்னைவிட நல்லவர்." பொய்க்குத் தண்டனை வேண்டுமென்றால் டி.வி.யை நிறுத்துங்கள். வருகையைக் காட்டி மட்டும் மிரட்டாதீர்கள், பாட்டியையும் மிரட்ட விடாதீர்கள்.

அவள் உங்கள் கேள்வியை உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். இரண்டு மணிக்கு விளக்கு எரிவதும், நோட்டில் அம்மா எழுதிக்கொண்டு அழுவதும் அவளுக்குத் தெரியும். விளக்கு அணைந்திருக்கும் வீடு அவளுக்கு இப்போது அவசரமாக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். பதினோரு பக்கம் வேண்டாம், ஒரு பக்கம் போதும். மருத்துவர் என்ன சொன்னார், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், மகள் இன்னும் எழுந்து வந்து தொட்டுப் பார்க்கிறாளா என்று எழுதுங்கள்.